பாதையும் தயிரும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் கோடையில் எங்களைக் காரில் வாஷிங்டன், ஒரிகன், கலிஃபோர்னியா என்று மூன்று மாநிலங்களின் கடலோரமும் கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். வழியில் எங்கெங்கே நிறுத்திப் பார்க்கலாம்?
– ஒரு வாசகர், உவர்மலை

பதில்: எங்கே நிறுத்தலாம் என்று ஆள் வைத்துக் கேட்கிற காலமாகிவிட்டது! 2009இல் பாலம் வரும்வரை நம் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையான பாதை அக்கரையில் நிற்கும், நாம் துறையடியில் நிற்போம். பிளேன்டீ குடித்து, கச்சான் தின்று முடித்து, பக்கத்தில் நிற்பவரின் மகளுக்கு மாப்பிள்ளையும் பேசி முடிக்கலாம். பாதை வந்திராது. தரையில் அடுக்கிய தயிர்ச்சட்டி ஒன்றின் கடதாசி மூடியை ஆடு நக்கிக்கொண்டிருக்கும், உடையவர் அரசியல் பேசிக்கொண்டிருப்பார். இப்போது 396 மீட்டர் பாலம். ஒரு தும்மலில் அக்கரை. பாலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எழுதிவிடாதீர்கள், நோயாளியை ஏற்றிக்கொண்டு காத்திருந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

ஒரிகனிலும் இதே கதைதான். 101ஆம் இலக்கச் சாலை ஆற்று முகத்துவாரங்களில் பாதைக்காகக் காத்துக் கிடந்தது. மக்கல்லா என்ற பொறியியலாளர் அமைத்த ஐந்து பெரிய பாலங்கள் 1936இல் வந்த பிறகுதான் வண்டிகள் நிற்காமல் ஓடின. அவற்றில் ஒன்று நியூபோர்ட்டில் இருக்கிறது. மேலால் ஓடிவிடாமல் கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள். வாஷிங்டனிலிருந்து ஒரிகனுக்குள் நுழையும் அஸ்டோரியா பாலம் ஆறரைக் கிலோமீட்டர், அது 1966இல்தான் வந்தது.

அப்புறம் கேனன் பீச். 235 அடிப் பாறை ஒன்று கரையை ஒட்டியே நிற்கிறது. கோணேசர் மலையடியில் வளர்ந்தவருக்குப் பாறையைக் காட்டுவானேன் என்று கேட்பீர்கள். நம் கடலின் வற்றும் பெருக்கும் முழக்கணக்குத்தான். அங்கே வற்றும் நேரம் பார்த்துப் போனால் பாறையடி வரை நடந்தே போய் நட்சத்திர மீன்களைப் பார்க்கலாம். இன்னொன்று, 1967இல் போட்ட சட்டத்தால் ஒரிகனின் கடற்கரை மணல் முழுவதும் பொதுமக்கள் நடக்கத் திறந்திருக்கிறது. கடற்கரைக்குப் போகிற ஒழுங்கைகளில் ஹோட்டல்காரர் வேலி போடக்கூடாது என்று நான் இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! சரி, விடுங்கள்.

கலிஃபோர்னியாவில் பிக்ஸ்பி பாலத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். பியெட்ராஸ் பிளாங்காஸில் இரண்டு தொன் எடையுள்ள யானைச் சீல்கள் மணலில் புரண்டு கிடக்கும், அங்கே அரை நாளாவது நில்லுங்கள். பிக் சர் பக்கம் மண்சரிவால் சாலையை அடிக்கடி மூடுவார்கள், மகனை விசாரித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். பயணம் வடக்கிலிருந்து தெற்கே இருக்கட்டும். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் கடல் உங்கள் பக்கமே வரும், நிறுத்தவும் சுலபம்.

அங்கே தயிர் பிளாஸ்டிக் டப்பாவில்தான் கிடைக்கும். கிண்ணியாத் தயிருக்கு ஈடில்லை என்று இங்கே எழுதினால் மட்டக்களப்பு நண்பர் மறுபடியும் நாலு பக்கக் கடிதம் அனுப்புவார். அனுப்பட்டும். தயிரும் சேர்த்து அனுப்பினால் பிரசுரிப்பது பற்றி யோசிக்கலாம்.