மகள் ஹாம் ரேடியோ கற்கட்டுமே, அம்மா

பிளஸ் ஒன் படிக்கும் மகள் எந்நேரமும் ஹாம் ரேடியோ பேச்சாகவே இருக்கிறாள், மார்க் போய்விடுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அரசிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ செட்டில் பொழுதுபோக்காக வெளியூர், வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ; அப்படிப் பேசுபவர்களையும் ஹாம் என்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாம் லைசென்ஸ் சோறு போடாது. அதை வைத்துக் காசு வாங்கக் கூடாது என்பதே விதி. இருந்தும் அவளைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

"கையில்தான் செல்போன் இருக்கிறதே" என்கிறீர்கள். செல்போன் பேச வேண்டுமானால் டவருக்குக் கரண்ட் வேண்டும், கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். பெரும்புயலில் முதலில் போவது இவைதான். ஹாமுக்கு ஒரு செட், ஒரு கார் பேட்டரி, கொஞ்சம் செம்புக் கம்பி போதும். 7 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை வானில் உயரே இருக்கும் அயனி மண்டலம் வரை போய்த் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும். நடுவில் டவரே வேண்டாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி தன் குழுவோடு அந்தமான் போனது, அங்கிருந்து உலக ஹாம்களோடு பேசத்தான். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் ஓய்ந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து அதே செட்தான் இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி சொன்னது. உறவுகளைத் தேடித் தவித்தவர்களுக்கு அந்தக் குரல் எப்பேர்ப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

படிப்புக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டியதைக் கூட நின்று பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம் கம்பி. கம்பியின் நீளம் அலைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். கருவியின் முள் மூன்றில் நின்றது; ஒன்றை நெருங்கினால்தான் நல்லது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரற்கடையாக வெட்டி வெட்டிப் பார்த்தான். முள் ஒன்றரைக்குக் கீழே இறங்கியது. அலைநீளம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆர்வம் நிலைத்தால் கல்லூரியில் ஈசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) எடுக்கலாம். ஆன்டெனா வடிவமைப்பு, செயற்கைக்கோள் தொடர்பு, காவல்துறை வயர்லெஸ் பிரிவு என்று வழிகள் உண்டு. இஸ்ரோவே 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்று 'ஹாம்சாட்' செயற்கைக்கோளை அனுப்பியது. ஆனால் இந்த வேலைகளுக்கெல்லாம் டிகிரியும் மார்க்கும் வேண்டும். இதை அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. லைசென்ஸில் இரண்டு நிலை: தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்திக் குறியீடு) தேவையில்லை, அடுத்த நிலையான ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேண்டும். ரெஸ்ட்ரிக்டடை இந்தக் கோடை விடுமுறையில் படிக்கட்டும். மோர்ஸ் பிளஸ் டூ முடிந்த பிறகு போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: லைசென்ஸ் கைக்கு வருமுன் ஆன்லைனில் ஹாம் அலைவரிசை வாக்கிடாக்கி வாங்கிப் பேசக் கூடாது, அது குற்றம்.

அதுவரை, லைசென்ஸ் வைத்திருக்கும் ஹாம் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அவளை மட்டும் விட்டுவிட்டு வராமல், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேளுங்கள், அம்மா.