அந்தப் பையன் ஏன் கொப்பியோடு வருவதில்லை?

அன்புள்ள அம்மா,

கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் 19 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்கு வயது 46. வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இரண்டும் இந்தத் தவணையில்தான்.

விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, தெஹிவளையில் பஸ் ஏறி, ஏழரைக்கு முதல் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு வகுப்பில் 42 பிள்ளைகள். வீட்டுக்கு வந்தாலும் கொப்பித் திருத்தம்தான். சம்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுக்க ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். "பிள்ளையளின்ட வாழ்க்கையோட விளையாடுறீங்க" என்று ஒரு தாய் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். இன்னும் போனில் வைத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலை மூடியபோது சொந்தக் காசில் டேட்டா போட்டுப் பாடம் அனுப்பினேனே, அது யாருக்காவது நினைவிருக்கிறதா?

எல்லாவற்றையும் விட வலிப்பது டியூசன். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் வெள்ளவத்தையில் பதாகை தொங்கும். சுற்றிவர என் வகுப்புப் பிள்ளைகளின் படம், நடுவில் டியூசன் சேர். பெற்றோர் கேக் கொண்டுபோவதும் அவர் வீட்டுக்குத்தான். வகுப்பில் நான் பாடம் தொடங்கினால், "இது சேர் முடிச்சிட்டார் மிஸ்" என்று சொல்லிவிட்டு டியூட்டை, டியூசனில் கொடுக்கும் பயிற்சித் தாளை, எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். போன தவணைக் கடைசியில் இப்படித்தான் கோபத்தோடு வெளியே வந்தபோது ஒரு பையன், தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர், எப்போதும் மணி அடித்தபிறகு பக்கத்தின் மூலையை மடித்துக் கொப்பியைக் கொண்டுவருவான், அடைப்புக்குறியை நீக்கும்போது வெளியே நிற்கும் சயவை (கழித்தல் அடையாளத்தை) மறந்துவிடுவான், அவனிடம் "போய் உங்கட டியூசன் சேரிட்டக் கேள்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவனும் வருவதில்லை. அது வேறு விஷயம். அதிபரிடம் டியூட் பிரச்சினையைச் சொன்னால், "கண்டுகொள்ளாதீங்க மிஸ்" என்கிறார். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு மட்டும் மாலை போட்டு, பாட்டுப் பாடுவார்கள்.

ஓய்வு பெற இன்னும் 14 வருடம் இருக்கிறது. மதிப்பில்லாத இடத்தில் இருக்க வேண்டுமா? விட்டுவிடலாமா?

— ஓர் ஆசிரியை, கொழும்பு

பதில்

அன்பின் டீச்சருக்கு,

சம்பளம் பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானது. டேட்டா போட்டுப் பாடம் அனுப்பியவருக்கு அந்தத் தாய் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. குரல் பதிவை அழித்துவிடுங்கள். டியூசன், அதிபர், மாலை பற்றியெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை.

"அது வேறு விஷயம்" என்று ஒன்றைத் தள்ளி வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எத்தனையோ பேர் வருகிறார்கள். அந்தப் பையனுக்கு மட்டும்தான் தகப்பனின் தொழிலைச் சொல்லியிருக்கிறீர்கள். ஏன் சொன்னீர்கள் டீச்சர்? அவனுக்கு டியூசன் சேர் என்று ஒருவர் இருக்க வாய்ப்பில்லை என்பது, சொல்லும்போதே உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 1945 முதல் நம் நாட்டில் கல்வி இலவசம் என்கிறோம். அவனுக்குக் கிடைத்த இலவசக் கல்வி, மணி அடித்தபிறகு நீங்கள் கொடுத்த அந்த ஐந்து நிமிடம்தான்.

இந்த இடத்தில் நான் அவன் பக்கம்தான் நிற்பேன். உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் பதாகையில் படம் வந்த பிள்ளைகள் மேல் இருந்த கோபத்தை, உங்களைத் தேடி வந்த ஒரே பிள்ளை மேல் இறக்கிவிட்டீர்கள். யாரும் மதிக்கவில்லை என்று எழுதுகிறீர்கள். பக்கத்தின் மூலையை மடித்துக்கொண்டு உங்கள் பின்னால் ஓடிவருவதை விட ஒரு மாணவன் வேறு எப்படி மதிப்பைக் காட்டுவான்?

இன்னொன்றையும் கவனித்தேன். சம்பளப் போராட்டத்தின்போது நீங்கள் வேலையை விட நினைக்கவில்லை. டேட்டாவுக்குக் காசு போட்டபோதும் நினைக்கவில்லை. கிழித்த இரண்டு கடிதமும் அவன் வராமல் போனபிறகு எழுதியவை. களைப்பு இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களை வெளியே தள்ளுவது வெட்கம் என்றே எனக்குப் படுகிறது. இவ்வளவு நீளமான கடிதத்தில் ஒரு கணக்கு வருவது ஒரே ஒரு இடத்தில்தான், அவன் மறந்துபோகும் அந்தச் சயவில். 42 பேரில் ஒருவன் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்று தவணை கடந்தும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். படிப்பிப்பது வெறுத்துப்போனவருக்கு இது ஞாபகம் இருக்காது, அம்மா.

சரி, என்ன செய்யலாம்? வகுப்புக்கு முன்னால் வைத்து அவனைக் கூப்பிடாதீர்கள். நடைபாதையில் தனியாகப் பிடித்து, "அன்றைக்கு மிஸ் சொன்னது பிழை, மன்னிச்சுக்கொள்" என்று மட்டும் சொல்லுங்கள். டியூசன் கதை, உங்கள் கோபத்துக்கான காரணம் எதுவும் வேண்டாம். அந்த வயதுப் பையன் "பரவாயில்ல மிஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். அடுத்த நாளே கொப்பியோடு வருவான் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மணி அடித்தபிறகு இரண்டு நிமிடம் மேசையிலேயே இருந்து பாருங்கள், சில வாரங்களுக்கு.

வேலையை விடுவதா என்பதை அதற்குப் பிறகு யோசியுங்கள். அப்போதும் போகத் தோன்றினால் போங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. அவன் வந்தால், பழைய பக்கத்தை விரித்து அந்த அடைப்புக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள்.