மார்கழியில் டிபன் மாஸ்டருக்கு என்ன வேலை?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஊர். கல்யாண மண்டபங்களில் டிபன் மாஸ்டராக இருக்கிறேன். இட்லி, பொங்கல், வடை, காபி என் பொறுப்பு. கார்த்திகை வரை கை ஓயாது. மார்கழி பிறந்தால் ஒரு முகூர்த்தமும் கிடையாது. போன வருடம் வட்டிக்கு வாங்கித்தான் பொங்கல் கொண்டாடினோம். இந்த முறை வெளிமாநில ரிசார்ட் ஒன்றில் மாதம் 35,000 ரூபாய், தங்க இடம், சாப்பாடு இலவசம் என்கிறார் ஒரு ஏஜென்ட். முன்பணமாக 5,000 கேட்கிறார். போகலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் என்பது வேலை கொடுக்கிறவர் உங்களுக்குத் தருவது. கல்யாண வேலையில் நீங்கள் பார்த்த வழக்கமும் அதுதானே? ஏஜென்ட் நேர்மையானவராகவே இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. முன்பணமும் ரயில் செலவும் கழித்தால் 35,000 முழுசாகக் கையில் நிற்காது. அதுவும் மாதம் முடிந்த பிறகுதான் வரும், அதற்குள் தை பிறந்துவிடும். தையின் முதல் முகூர்த்தத்துக்கு நீங்கள் ஊரில் இல்லையென்றால், உங்கள் காண்ட்ராக்டர் இன்னொருவரை அடுப்படியில் நிறுத்திவிடுவார். அந்த இடத்தைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை.

மார்கழியில் கல்யாணம்தான் இல்லை, சாப்பாடு இருக்கிறது. அதிலும் உங்கள் டிபனுக்குத்தான் கிராக்கி.

முதலில் ஐயப்ப பக்தர்கள். கார்த்திகை முதல் தேதி மாலை போடுவதிலிருந்து ஜனவரி நடுவில் மகரவிளக்கு வரை, மதுரையில் படிபூஜையும் அன்னதானமும் இல்லாத பேட்டை ஏது? ஒரு குழுவின் குருசாமிக்கு உங்கள் கை பிடித்துவிட்டால் அவரே அடுத்த குழுவுக்குச் சொல்வார். பல இடங்களில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சமைப்பவரும் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பார்கள். அந்த இரண்டு மாதம் உங்களால் அப்படி இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது விடியற்காலைப் பிரசாதம். பெரிய கோயில்களில் மடப்பள்ளி ஆட்கள் இருப்பார்கள், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. தெருப் பிள்ளையார் கோயில், காலனிக்குள் இருக்கும் பெருமாள் கோயில் இவற்றில்தான் உபயதாரர்கள் வெளியே ஆள் தேடுவார்கள். மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால்தான் ஐந்தரைக்குப் பொங்கல் தொன்னைக்கு வரும். பனியில் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் தளர இறக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலி விஷயத்தில் மட்டும் ஒன்று: தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், கூட்டம் குறைந்தால் நஷ்டம் உங்களுக்கு. அரிசிக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஒரு நாள் வேலையாக விடாமல், மாதம் முழுவதும் யார் யார் உபயம் என்ற பட்டியலை வாங்கி ஒவ்வொருவரிடமும் பேசுவது நல்லது. மார்கழி 27-ல் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் கேட்பார்கள். நெய்யும் பாலும் அவர்கள் செலவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சபரிமலை டூர் பஸ்களிலும் சமையல்காரரைக் கூட்டிப்போவார்கள். பணம் பரவாயில்லை, உடம்புதான் அலுத்துவிடும். பயண நாளுக்கும் கூலி உண்டா, பாத்திரம் தேய்க்கத் தனி ஆள் உண்டா, ராத்திரி எங்கே படுப்பது, இந்த மூன்றையும் கேட்டு, பாதிப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். பயணிகள் காலடியில் கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டுகிற பஸ் என்றால், எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

அரையாண்டு லீவில் கொடைக்கானல் லாட்ஜ்களிலும் ஆள் பற்றாக்குறை வரும். டிசம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் நாள் கூலி பேசிப் போகலாம். கம்பளி கொடுப்பார்களா என்று கேளுங்கள், அங்கே குளிர் விளையாட்டில்லை.

மேலூர்ப் பக்கம் பொங்கலுக்குச் செங்கரும்பு வெட்டு, போடி மேலே ஏலக்காய்த் தோட்டம் என்று சிலர் சொல்வார்கள். பழகிய கைக்குத்தான் அதில் காசு. அங்கே நீங்கள் கத்துக்குட்டி, இங்கே மாஸ்டர்.

சமையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? வேலையில்லாத மாதத்துக்கு அவர்கள் சம்பளம் தரமாட்டார்கள்தான். ஆனால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இப்போது ஐப்பசி பாதி ஓடிவிட்டது. மாலை போட்ட பிறகு போனால் குருசாமிகள் ஏற்கெனவே ஆள் பேசி முடித்திருப்பார்கள். கல்யாண வேலை இல்லாத நாளாகப் பார்த்து இந்த வாரமே நாலு பேரைப் போய்ப் பாருங்கள். போகும்போது ஒரு தூக்குவாளியில் உங்கள் பொங்கலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.