7 வயசுப் பையனுக்குத் தாத்தாவோட பழைய சாவி ரயிலை விளையாடக் குடுக்கலாமா?

பையன் கேக்கான், குடுத்தா ஒடச்சிருவானோன்னு பயமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. குடுத்துருங்க.

நான் செங்கோட்டைக்காரன். தென்மலை பக்கம் எஸ்டேட்ல கணக்கெழுதுன எங்க தாத்தாவுக்கு ஒரு துரை குடுத்துட்டுப் போன தகர ரயில் எங்க வீட்லயும் இருக்கு. சின்ன வயசுல என்னையத் தொடவே விடல, "அலமாரிப் பக்கம் போனா கைய ஒடிச்சிருவேம்ல"ன்னு சித்தப்பா சத்தம் போடுவாரு. கடைசில எம்மக கைக்கு வந்தப்போ சாவியே திரும்பல. யாரும் ஒடைக்கல, சும்மா வச்சிருந்தே கெட்டுப்போச்சு.

ரெண்டு பேருமா உக்காந்து கழட்டுனோம். அடியில மடக்கி விட்டிருந்த தகர நாக்க மொட்டைக் கத்தியால மெதுவா நிமித்தணும், அடிக்கடி மடக்கி நிமித்துனா ஒடஞ்சிரும். உள்ள கிரீஸ் பலாப்பிசின் மாதிரி காஞ்சு கெடந்துச்சு. மண்ணெண்ணெயில தொடச்சு, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. சாவி திருகினதும் கரகரன்னு தரையில ஓடுச்சு பாருங்க, "யப்பா, ஓடுதுப்பா"ன்னு அவ கத்துன கத்துல தெருவே வந்துருச்சு.

பழைய பொருளைக் கெடுக்கச் சொல்றியான்னு சண்டைக்கு வராதீங்க. இங்கிலாந்துல லிவர்பூல்ல ஃப்ராங்க் ஹார்ன்பி தன் பசங்களுக்காகத் தகரப் பட்டை வெட்டிப் பொம்மை செஞ்சவர், 1901ல பேடண்ட் வாங்குனாரு, அதுதான் பின்னாடி மெக்கானோங்கிற, ஓட்டை போட்ட பட்டைகளை நட்டு போல்ட்ல மாட்டிக் கட்டுற விளையாட்டு செட் ஆச்சு. 1920ல அவர் விட்ட சாவி ரயிலே நட்டு போல்ட் போட்டு, பிள்ளைங்க கழட்டி மாட்டுற மாதிரி வந்ததுதான். ஆனா ஒண்ணு, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், வாயில வைக்கிற வயசுக் கொழந்தைக்கு வேண்டாம். ஸ்பிரிங் முறுக்கு முழுசா எறங்காம தெறக்கவும் கூடாது, கையக் கிழிச்சிரும்.

அப்புறம் எம்மகளுக்கு அதே மாதிரி மெக்கானிக்ஸ் செட் வாங்கிக் குடுத்தேன், அந்த ரயிலுக்குத் தென்மலை பக்கத்துல இருக்கிற கழுதுருட்டி பதிமூணு கண் ரயில் பாலம் மாதிரி கட்டணும்னு ஆரம்பிச்சா. கட்டம் கட்டமா நிறுத்துனது தொட்டாலே சாஞ்சுது, நான் வாயே தெறக்கல, ரெண்டு நாள் கழிச்சு அவளாவே ஒரு பட்டையைக் குறுக்க சாய்ச்சு மாட்டினா, அசையல. அதை ஸ்கூல் கண்காட்சிக்குக் கொண்டுபோனா "இது வெளையாட்டுச் சாமான்"னு ஓரமா வச்சுட்டு, கடையில காசு குடுத்துச் செஞ்ச தெர்மாகோல் எரிமலைக்குப் பரிசு குடுத்தாங்க. பிள்ளை ராத்திரி சாப்பிடல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கல.

பாலத்தை மட்டும் இன்னும் பிரிக்க விடமாட்டேங்கா, கட்டிலுக்கு அடியில நிக்கு, ரயிலும் அது மேலதான் நிக்கு.