அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்

கேள்வி: எங்கள் சபையில் மூன்று மாதமாக, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்துதான் செய்தி. அந்திக்கிறிஸ்து, மிருகத்தின் முத்திரை, 666 என்று கேட்டுக் கேட்டு, என் பத்து வயது மகள் நோட்டு அட்டையில் இருக்கும் பார்கோடை நகத்தால் சுரண்டி எடுக்கிறாள். ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லை. என் கணவரோ, "கர்த்தர் வரப்போகிறார், பிள்ளைக்கு எதற்குச் சேமிப்பு?" என்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே பயம். வேறு சபைக்குப் போய்விடலாமா?
- ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் மகளைப் பார்ப்போம். பார்கோடில் சற்று நீளமாகத் தெரியும் மூன்று ஜோடிக் கோடுகள்தான் 666 என்று வெகுகாலமாக ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. அந்தக் கோடுகள் எந்த எண்ணையும் குறிப்பதில்லை. தொடக்கம், நடு, முடிவு எது என்று கருவிக்கு எல்லை காட்டுபவை, அவ்வளவுதான். இதை அவளை மடியில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்து 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசியுங்கள். மிருகத்தின் எண்ணான 666 அங்கேதான் இருக்கிறது. அங்கே நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவுகள் இதை எழுதிய யோவான் போட்டவை அல்ல, பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. அடுத்த வசனத்தில் ஆட்டுக்குட்டியானவர், அதாவது இயேசு, சீயோன் மலையில் நிற்கிறார், அவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. மிருகம் முத்திரை போடுவதற்கு வெகு முன்பே, 7-ஆம் அதிகாரத்தில், தேவன் தம்முடைய ஊழியக்காரருக்கு முத்திரை போட்டுவிடுகிறார். உங்கள் மகளிடம் ஒரு பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

இந்தப் புத்தகம் யாருக்கு எழுதப்பட்டது என்று யோசியுங்கள். பத்மு தீவில் இருந்த யோவான், ரோமரின் ஆசியா மாகாணத்தில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) இருந்த ஏழு சபைகளுக்கு எழுதியது இது. ரோமப் பேரரசன் தொமித்தியான் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 95-இல் என்பது பலருடைய கருத்து. சக்கரவர்த்தியைத் தெய்வமாக வணங்க மறுத்தால் பிழைப்பும் போகலாம், உயிரும் போகலாம். ஏற்கெனவே பயந்திருந்த ஜனங்களை மேலும் பயமுறுத்தவா ஒருவர் தீவிலிருந்து கடிதம் எழுதுவார்? 666-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். தொமித்தியானுக்கு முன்பிருந்த பேரரசன் நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்மதிப்பைக் கூட்டினால் அந்த எண் வருகிறது என்று அறிஞர்கள் பலர் காட்டுகிறார்கள். தங்களை ஒடுக்கிய ஆட்சி எது என்று அந்தச் சபையாருக்குப் புரிந்திருக்கும்.

தனியாக வாசிக்கப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். தனியாக வாசிக்க வேண்டாம். முதல் அதிகாரம் 3-ஆம் வசனம் "வாசிக்கிறவனும்" என்று ஒருமையில் சொல்லி, "கேட்கிறவர்களும்" என்று பன்மையில் சொல்கிறது. ஒருவர் உரக்க வாசிக்க, சபை கூடிக் கேட்ட புத்தகம் இது. படுக்கையில் இருந்த ஒரு வயதான அம்மாவின் அருகில் உட்கார்ந்து நாங்கள் சிலர் இதை முழுவதும் மாறி மாறி வாசித்தோம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் அந்த அம்மா, "இதில் இவ்வளவு பாட்டா இருக்கு?" என்று கேட்டார். அறுபது வருடம் சபைக்குப் போனவர், மிருகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார், பாட்டைப் பற்றிக் கேட்டதில்லை. 4, 5, 7, 15, 19-ஆம் அதிகாரங்களைத் திறந்து பாருங்கள், பரலோகம் பாடிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் கணவரிடம் சண்டை வேண்டாம். கர்த்தருடைய வருகையை எதிர்பார்ப்பது நல்ல விசுவாசம். ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்று இயேசுவே சொன்னார். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22-ஆம் தேதி கர்த்தர் வருவார் என்று நம்பினார்கள். அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்களும் உண்டு. மறுநாள் வழக்கம்போல விடிந்தது. தெசலோனிக்கேயாவில் வேலையை விட்டுச் சுற்றித் திரிந்தவர்களிடம், அமைதலோடு வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்கிறார் பவுல். பிள்ளைக்குச் சேமிப்பது அவிசுவாசம் ஆகாது.

சபையை விடலாமா என்பதுதான் கடினமான கேள்வி. மிருகங்கள் வருவதற்கு முன்னால் 2, 3-ஆம் அதிகாரங்களில் சபைகளுக்கே கடிதம் வருகிறது. எபேசு சபை கள்ளப் போதகர்களைச் சோதித்துக் கண்டுபிடித்த சபை, சலிக்காமல் உழைத்த சபை. அதனிடம் கர்த்தர் கண்ட குறை, "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்பது. லவோதிக்கேயா ஐசுவரியமுள்ள பட்டணம். பூகம்பத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமலே தன்னைக் கட்டிக்கொண்டது. "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற அந்தச் சபையிடம்தான் "வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்கிறார். வெளியாரை அழைக்கும் வசனமாகவே இதைப் பிரசங்கிக்கிறோம், ஆனால் தம் சொந்தச் சபையின் கதவுக்கு வெளியே அவர் நிற்கிறார். எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடம் என்னைக் குத்துகிறது. அப்படியும் அந்த ஏழில் ஒன்றைக்கூட விட்டு வேறு சபைக்குப் போகச் சொல்லவில்லை. குறை கண்ட சபைகளிடம் "மனந்திரும்பு" என்றுதான் சொல்கிறார்.

ஆகவே போதகர் ஐயாவை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் கணவரோடு. மகள் சுரண்டிய அந்த நோட்டையே எடுத்துப் போங்கள். "ஐயா, பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது. அந்த ஏழு கடிதங்களையும் கடைசி இரண்டு அதிகாரங்களையும் எங்களுக்குப் போதியுங்கள்" என்று கேளுங்கள். அக்கறையுள்ள மேய்ப்பர் அந்த நோட்டைப் பார்த்தால் கலங்குவார். உங்களைக் கடிந்து, விசுவாசம் போதாது என்று அனுப்பிவிட்டாரானால், அப்போது வேறு சபை தேடுவதில் குற்றமில்லை.

இன்று இரவு 21-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தை மகளே வாசிக்கட்டும்: "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்." விளக்கு இன்னும் சில நாள் எரியட்டும், அணைக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.