பழைய மினிவேனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மினிவேனுக்கு 14 வயதாகிறது. காலையில் பார்க்கிலிருந்து டிரைவுக்கு மாற்றினால், சில விநாடிகள் கழித்தே வண்டி நகர்கிறது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் உறுமுகிறது. சென்ற வாரம் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன்பின் வண்டி ஒரே கியரில்தான் ஓடுகிறது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஆயிலை மாற்றினால் போதும் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: எந்தச் சோதனையும் நடந்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை, ஆகவே இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டியதில்லை.

முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, கியர்பாக்ஸ் சூடேறிய பின், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். சில ஹோண்டா வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகு பார்க்க வேண்டும் என்பதால், உங்கள் கையேடு சொல்வதே சரி. நீங்கள் சொல்லும் காலை நேரத் தாமதத்துக்கு ஆயில் குறைந்திருப்பதோ, உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போனதோ காரணமாக இருக்கலாம். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கரும்பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தால், உள்ளே கியர்களைப் பிடித்து இணைக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அது பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருந்து இந்த ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் கசிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

ஒரே கியரில் சிக்கிக்கொள்வது பார்க்கப் பயமாக இருந்தாலும், பெரும்பாலும் அது கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் செய்யும் வேலை. சாதாரண ஸ்கேனரில் வரும் பி0700 என்ற குறியீடு, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் கம்ப்யூட்டரையே படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குச் செல்லுங்கள். பி0715 வந்தால் கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சாரோ அதன் ஒயரிங்கோ பழுதாகியிருக்கலாம்; இதற்காகக் கியர்பாக்ஸை மாற்றச் சொல்வது தலைவலிக்குத் தலையை மாற்றுவது போன்றது. பி0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை என்று பொருள். இன்ஜின் உறுமுவதோடு சேர்த்துப் பார்த்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன என்ற சந்தேகம் வலுக்கும். பாட்டரி பலவீனமாக இருந்தாலும் பொய்யான குறியீடுகள் வருவதுண்டு என்பதால், அதையும் சோதித்துவிடுங்கள்.

அடுத்து ஆயில் அழுத்தத்தை அளவுமானி பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் ஃபில்டர், பம்ப், ஆயிலைத் தேவையான இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடி, சீல்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகள்தான் போயிருக்கும், அவற்றுக்கு ஆயில் மாற்றம் மருந்தாகாது. ஆயில் கருகாமல் பழையதாக மட்டும் இருந்தால் மாற்றிப் பார்ப்பது நியாயமே. ஆனால் ஒரு முறை வடிப்பதில், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் உள்ள ஆயில் பெரும்பாலும் வெளியே வராது. மேலும், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ஆயிலை விட்டு, கையேட்டில் குறிப்பிட்ட வகையையே வாங்குங்கள்.

சோதனைகளுக்குப் பிறகும் கியர்பாக்ஸ் மாற்றம்தான் வழி என்றால், வண்டியின் இன்றைய விற்பனை மதிப்போடு செலவை ஒப்பிடுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றியதா, பிரித்துப் புதுப்பித்ததா, டார்க் கன்வர்ட்டரும் சேர்ந்து வருமா, உத்தரவாதத்தில் கழற்றி மாட்டும் கூலியும் அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கூலரையும் அதன் குழாய்களையும் கழுவுவதாகவோ மாற்றுவதாகவோ அதே தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழையதன் உலோகத்தூள் புதியதற்குள் போய்விடும்.