பழைய எஞ்சினில் இ-யூனிட்டா, எலெக்ட்ரானிக் போர்டா?

கேள்வி: லயனல் நிறுவனத்தின் ஓ கேஜ் அளவுப் பழைய பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று வாங்க நினைக்கிறேன். பார்த்த இரண்டில் ஒன்றில் எஞ்சினோடு முதலில் வந்த இ-யூனிட், அதாவது ஓடும் திசையை மாற்றும் பொறி, இருக்கிறது. மற்றதில் அதைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் போர்டு பொருத்தியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் மேல் என்கிறார் விற்பவர். எதை வாங்கலாம்?

பதில்: முதலாவதை வாங்குங்கள், ஓட்டிப் பார்த்த பிறகு.

இ-யூனிட்டில் மறைவாக எதுவும் இல்லை. மின்சாரம் வந்ததும் கம்பிச்சுருள் ஓர் இரும்புத் தண்டை மேலே இழுக்கிறது. தண்டிலுள்ள கொக்கி பல் வைத்த சிறு உருளையை ஒரு படி திருப்புகிறது. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால் அடுத்த படி. முன்னே, நிறுத்தம், பின்னே, மீண்டும் நிறுத்தம் என்ற வரிசை தவறாமல் வரவேண்டும். நாலைந்து சுற்றுப் பாருங்கள். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். பெரும்பாலான இ-யூனிட்டுகளில் தண்டு தன் எடையால் கீழே விழுந்தால்தான் அடுத்த படிக்குத் தயாராகும். கவிழ்த்துப் பிடித்தால் நல்ல யூனிட்டும் பழுதானதுபோலத் தெரியும். ஒரே திசையில் மட்டும் ஓடினால் பதறாதீர்கள், திசையைப் பூட்டும் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கேட்கும் ரீங்காரம் ஏசி மின்சாரத்தில் அதிரும் சுருளின் ஒலி; அது குறையல்ல. உருளை சிக்கினால் பெரும்பாலும் அழுக்கோ, யாரோ விட்ட எண்ணெயோதான் காரணம். துடைத்தால் சரியாகும். தேய்ந்த தொடுமுனைகளுக்கு மாற்றுப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

போர்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரீங்காரம் இல்லை. சுருளை இழுக்கும் அளவுக்கு வோல்டேஜ் தேவைப்படாததால் எஞ்சின் மெதுவாகவே கிளம்பும். அழுக்குத் தண்டவாளத்தில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் விட்டுப்போனால் இ-யூனிட் படி மாறிவிடும். நல்ல போர்டு அதைப் பொருட்படுத்தாது. தினமும் நெடுநேரம் ஓட்டுபவருக்கு இவை பெரிய வசதிகள்.

ஆனால் தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது எழும் வோல்டேஜ் எகிறல் போர்டைத் தீய்த்துவிடக்கூடும். தீய்ந்த போர்டைப் பழுதுபார்ப்பது அரிது, மாற்றத்தான் வேண்டும். அதையே வாங்குவதானால் டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்குக் குறுக்கே அந்த எகிறலை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு டிவிஎஸ் டையோடு போடுங்கள். போர்டு அந்த ஏசி மோட்டாருக்கு ஏற்றதுதானா என்றும் கேளுங்கள். டிசி மோட்டாருக்கான போர்டு வேறு. கழற்றிய இ-யூனிட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.